சமர்கந்தில் 1,200 கோடி யூரோ. அலாட்டில் கப்பல் எப்போது கிளம்பும்?

5 ஏப்ரல் 2025 (கேள்வி)

அண்ணாச்சி, நான் சமர்கந்தில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கோவில்பட்டி பக்கம். ஐரோப்பிய ஒன்றியமும் மத்திய ஆசிய நாடுகள் ஐந்தும் சேர்ந்து நடத்திய முதல் உச்சி மாநாடு நேற்றும் முந்தாநாளும் இங்கேதான் நடந்தது. 12 பில்லியன் யூரோ என்று ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன் அறிவித்திருக்கிறார். பல நாடுகளில் சாலையும் ரயிலும் போடும் சீனாவின் ‘பெல்ட் அண்ட் ரோடு’ திட்டம் இனித் தாக்குப்பிடிக்காது, ஐரோப்பா முந்திவிடும் என்று என் அறைத்தோழன் அடித்துச் சொல்கிறான். நீங்கள் காஸ்பியன் பக்கம் சரக்கு வேலை பார்த்தவர். முந்துமா?

5 ஏப்ரல், இரவு

முந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 12 பில்லியன் என்றால் நம் கணக்கில் 1,200 கோடி யூரோ. அதில் போக்குவரத்துக்கு 300 கோடி. முக்கியத் தாதுக்களுக்கு 250 கோடி. தண்ணீர், மின்சாரம், பருவநிலைக்கு 640 கோடி. மிச்சம் 10 கோடி இணைய வசதிக்கு. உன் தோழன் நினைக்கிற சாலையும் ரயிலும் இந்தத் தொகையில் கால்வாசிதான்.

அந்தக் கால்வாசியும் ரொக்கமாக வந்து இறங்காது. ஒன்றியத்தின் மானியம், ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் கடன், உறுப்பு நாடுகளின் வளர்ச்சி வங்கிகள் தரும் கடன், தனியார் முதலீட்டுக்குக் கொடுக்கும் உத்தரவாதம் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிற எண் இது. இந்தக் கூட்டாளிகளுக்கு ‘டீம் யூரோப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2021 டிசம்பர் 1 அன்று ‘குளோபல் கேட்வே’ என்று ஒரு வெளிநாட்டு முதலீட்டுத் திட்டம் அறிவித்தார்களே, 2027க்குள் 30,000 கோடி யூரோ, அதுவும் இதே மாதிரி கூட்டல்தான்.

சீனா வேறு மாதிரி. கடன், ஒப்பந்தக்காரர், தண்டவாளம், பொறியாளர் எல்லாம் ஒரே பொட்டலமாக வரும். நீ இருக்கும் நாட்டையே எடுத்துக்கொள். சீனாவிலிருந்து கிர்கிஸ்தான் வழியாக உஸ்பெகிஸ்தானுக்கு ரயில் பாதை போடப் பல வருடங்களாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2024 டிசம்பர் 27 அன்று கிர்கிஸ்தானின் ஜலால்-அபாத்தில் வேலையைத் தொடங்கியாயிற்று. 470 கோடி டாலர், அதில் 51 சதவீதப் பங்கு சீனாவுக்கு. இந்த வேகத்தோடு ஐரோப்பா எப்படி ஓடும்?

6 ஏப்ரல்

காலையில் என் பதிலைத் திரும்பப் படித்தேன். கோபத்தில் எழுதியது தெரிகிறது. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐரோப்பா இந்தப் பாதைக்கு இன்று நேற்று வரவில்லை. சோவியத் யூனியன் உடைந்த சூட்டோடு, 1993இல் பிரஸ்ஸல்ஸில் ‘டிரசெக்கா’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து காகசஸ் வழியாக, காஸ்பியனைத் தாண்டி மத்திய ஆசியா. இன்று ‘மிடில் காரிடார்’, அதாவது நடுப்பாதை என்று பேசுகிறோமே, ஏறக்குறைய அதே கோடு. சீன அதிபர் ஷி ஜின்பிங் கஜகஸ்தானின் அஸ்தானாவில் நின்று பட்டுப்பாதை பற்றிப் பேசி ‘பெல்ட் அண்ட் ரோடு’க்கு விதை போட்டது 2013 செப்டம்பரில். இருபது ஆண்டு முன்னால் ஆரம்பித்தவர்கள் பின்னால் நிற்கிறார்கள்.

அந்த இருபது ஆண்டில் என்ன நடந்தது என்று துறைமுகத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால்தான் அறிவிப்பைக் கேட்டாலே மனது கசக்கிறது.

6 ஏப்ரல், மாலை

யாரோ கேட்டிருக்கிறீர்கள், அங்கே எனக்கு என்ன வேலை என்று. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பில் எழுதிக்கொண்டிருந்தவன். 2016இல் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்குப் போனேன். நான்கு வருடம் சரக்கைப் பின்தொடர்வதுதான் வேலை.

2018 ஜனவரி. இத்தாலியிலிருந்து ஒரு மாவு மில் இயந்திரம், கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டுக்குப் போக வேண்டும். கருங்கடலில் ஜார்ஜியாவின் போத்தி துறைமுகம் வரை கப்பல். அங்கிருந்து இரண்டு லாரி. ஜார்ஜியா, அஜர்பைஜான் தாண்டிக் காஸ்பியன் கரைக்கு வந்தோம். அது வரை தடங்கல் இல்லை, சாலை நன்றாகவே இருந்தது. கரையில் நின்றுவிட்டது.

அந்தக் கடலில் கப்பலுக்கு நேர அட்டவணை இல்லை. சரக்கு நிரம்பினால் கிளம்பும். நிரம்பினாலும் காற்று விட்டால்தான் கிளம்பும். வடக்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்று எனக்குப் புதுசு. நம் வாடைக்காற்று முகத்தில் உப்பைத் தெளிக்கும். இது முகத்தை அறுக்கும். ஒன்பது நாள் லாரி வரிசையிலேயே கிடந்தோம். எனக்கு முன்னால் ஒரு கஜக் டிரைவர், ஐம்பது வயதிருக்கும். கேபினுக்குள் சின்ன அடுப்பு வைத்து டீ போடுவார். எனக்கும் ஒரு கிண்ணம் வரும். பதிலுக்கு நான் கொண்டுபோயிருந்த கடலைமிட்டாயைக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அவர் சொன்னது நினைவிருக்கிறது: மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறதாம்.

கப்பலில் ஒரு நாள். எதிர்க்கரையில் கஜகஸ்தானின் அக்தாவ் துறைமுகத்தில் இறங்கினால் அங்கே தாள் தகராறு. கப்பல் பில்லில் ஒரு எடை, லாரிக்கான சி.எம்.ஆர். சீட்டில் ஒரு எடை. நாற்பது கிலோ வித்தியாசம். மரப்பலகையை ஒருவர் சேர்த்து எழுதியிருந்தார், இன்னொருவர் சேர்க்கவில்லை. இதை ரஷ்ய மொழியில் விளக்கி, போத்தியிலிருந்து திருத்தின தாள் வரவழைத்து, முத்திரை வாங்க இரண்டு நாள்.

மொத்தப் பயணத்தில் சக்கரம் உருண்ட நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம்.

7 ஏப்ரல்

திருத்தம் ஒன்று. ‘பாக்கு துறைமுகம் என்று சொல்லுங்கள், கரை என்று ஏன் மழுப்புகிறீர்கள்’ என்று ஒருவர் கேட்கிறார். மழுப்பவில்லை. புதுத் துறைமுகம் அஜர்பைஜானின் தலைநகரான பாக்கு நகரத்தில் இல்லை. எழுபது கிலோமீட்டர் தெற்கே அலாட் என்ற இடத்தில் இருக்கிறது. நாங்கள் கிடந்ததும் அங்கேதான்.

9 ஏப்ரல்

‘ரயிலில் போட்டால் நிற்காமல் போய்விடுமே’ என்கிறார் தம்பியின் தோழன். அவருக்காக.

சீனாவின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். கஜகஸ்தானில் நுழைந்ததும் 1,520. அஜர்பைஜானும் ஜார்ஜியாவும் அதே 1,520. துருக்கிக்குள் போனால் மறுபடி 1,435. மீட்டர் கேஜ், பிராட் கேஜ் இரண்டும் நம்மூரில் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். சீன எல்லையில் கோர்கோஸ் என்ற இடத்தில் ராட்சத கிரேன் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி மாற்றி வைக்கிறது. அங்கே வேலை சுறுசுறுப்பு. பிறகு கடல் குறுக்கே வருகிறது, ரயிலிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து ரயில். பாக்கு–திபிலிசி–கார்ஸ் பாதை 2017 அக்டோபரில் திறந்தது. அதில் போனால் ஜார்ஜியாவின் அகல்கலாக்கியில் இன்னொரு மாற்றல்.

ரஷ்யா, பெலாரஸ் வழியே போனால் இந்தத் தொல்லை குறைவு. சீன எல்லையைத் தாண்டிவிட்டால் போலந்து எல்லையில் ஒரே ஒரு மாற்றல். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த பிறகு ஐரோப்பிய நிறுவனங்கள் பல அந்த வழியை விட்டு விலகின. நடுப்பாதைக்கு வந்த மவுசுக்கு அதுதான் காரணம். இல்லாவிட்டால் இன்றைக்கும் இதை யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

9 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

அளவையும் பார்த்துவிடுங்கள். நடுப்பாதையில் 2024இல் போனது சுமார் 45 லட்சம் டன். சூயஸ் கால்வாய் வழியாக 2023இல் மட்டும் 150 கோடி டன்னுக்கு மேல். முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. கடல்வழிக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாசல் அடைபட்ட வீட்டுக்கு ஜன்னல் மாதிரி.

ஆனால் அடைபடும் என்பதும் நிஜம். 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸில் ஆறு நாள் குறுக்கே கிடந்தது. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி கிளர்ச்சிக்காரர்கள் செங்கடலில் கப்பல்களைச் சுட ஆரம்பித்தார்கள். அப்போது நான் தூத்துக்குடிக்குத் திரும்பியாகிவிட்டது. திருப்பூர் பனியன் பெட்டிகள் கொழும்பில் கப்பல் மாறி ஹாம்பர்க் போகும். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிறோம் என்று கப்பல் கம்பெனி சொன்ன நாளிலிருந்து பத்துப் பதினைந்து நாள் தாமதம், வாடகை எகிறல். ஏற்றுமதியாளர்கள் என்னிடம் போனில் கத்தினார்கள். பாவம், அவர்கள் வேறு யாரிடம் கத்துவார்கள்?

14 ஏப்ரல்

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. லீவு நாள், உட்கார்ந்து யோசித்தேன். 5ஆம் தேதி எழுதியதில் பாதியை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

சாலை, ரயில், கிரேன் என்று பணத்தை எண்ணினேன். ஆனால் என் சொந்தக் கதையிலேயே இரண்டு நாளைத் தின்றது நாற்பது கிலோ எழுத்துப் பிழை. அதற்குத் தண்டவாளம் போட்டு என்ன செய்ய?

2018 செப்டம்பரில் ஃபெடெரிக்கா மொகெரினி வெளியுறவுப் பொறுப்பில் இருந்தபோது, ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைப்பது பற்றி ஒன்றியம் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நிலைத்து நிற்கக்கூடிய, எல்லாத் துறையையும் தழுவிய, விதிகளுக்கு உட்பட்ட இணைப்பு என்று அதில் வரும். திபிலிசியில் அதைப் படித்துவிட்டு மேசையில் வீசினேன். விதியை வைத்துக்கொண்டு நாக்கையா வழிப்பது என்று அன்றைக்குத் தோன்றியது. இன்று தோன்றவில்லை. நான் வீசியிருக்கக் கூடாது.

2023இல் ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கி இந்தப் பாதையை ஆராய்ந்து ஒரு பட்டியல் போட்டது. கட்டுமானப் பணிகள் 33, அதற்கு 1,850 கோடி யூரோ. கூடவே ‘மென்மையான’ வேலைகள் 7: சுங்கத் தாளைக் கணினிக்குக் கொண்டுவருவது, நாட்டுக்கு நாடு ஒரே படிவம், கட்டணத்தை முன்கூட்டிச் சொல்வது போன்றவை. அந்த ஏழு வேலைகளைத்தான் என் கண் தேடியது. கான்கிரீட்டில் சீனாவோடு போட்டி போட ஐரோப்பாவால் முடியாது. எடையை எப்படி எழுதுவது என்று இந்தப் பாதையில் இருக்கும் நாடுகளை ஒரே மேசையில் உட்கார வைக்க அதனால் முடியும். இருபத்தேழு நாட்டை உட்கார வைத்துப் பழகிய கை அது. ரயில் சரக்குக்கு மேற்கே ‘சிம்’ என்று ஒரு சீட்டு, கிழக்கே ‘எஸ்.எம்.ஜி.எஸ்.’ என்று ஒரு சீட்டு. இரண்டையும் ஒன்றாக்கிய பொதுச் சீட்டு 2006இல் வந்தது. அதைக் கையில் பிடித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தம்பி, முந்துமா என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போயிருக்கவே கூடாது. நிற்கும் நாள் குறையுமா என்று கேள்.

15 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ‘ஐரோப்பாவுக்கு வக்காலத்தா’ என்று ஒருவர் சீறியிருக்கிறார். இல்லை ஐயா. ஒரு உதாரணம் போதும்.

போத்தி ஆழம் குறைந்த துறைமுகம். பெரிய கப்பல் நுழையாது. அதனால் ஜார்ஜியாவில் அனக்லியா என்ற இடத்தில் ஆழ்கடல் துறைமுகம் கட்ட 2016இல் ஒப்பந்தம் போட்டார்கள். மேற்கத்தியப் பங்காளிகள், பெரிய எதிர்பார்ப்பு. 2020 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நான் அந்த மணல் திட்டைப் போய்ப் பார்த்திருக்கிறேன், காற்றும் நாணலும்தான். 2024 மே மாதம் மறுபடி ஏலம் விட்டபோது கடைசி வரை நின்றது ஒரு சீனக் கூட்டமைப்பு மட்டுமே. ஐரோப்பா தன் பாதை என்று சொல்கிற பாதையில், கருங்கடல் வாசலை ஐரோப்பா கட்டவில்லை.

சீனாவுக்குச் சொந்தமான தாமிரச் சுரங்கத்திலிருந்து சீனாவுக்குச் சொந்தமான துறைமுகத்துக்கு நாம் அழகான சாலை போட்டுக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று 2021 செப்டம்பரில் ஃபொன் டெர் லையனே நாடாளுமன்றத்தில் பேசினார். அக்தாவில் கண்டெய்னர் முனையம் கட்ட இப்போது கைகோத்திருப்பது சீனாவின் லியான்யுன்காங் துறைமுகம். ஐரோப்பாவின் சொந்த வாசல், கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகம், அதில் 67 சதவீதம் சீனக் கப்பல் நிறுவனமான காஸ்கோ கையில். தெரிந்துதான் பேசுகிறார்கள். தெரிந்தும் தாமதம்.

20 ஏப்ரல்

பேச்சு எங்கோ போய்விட்டது, நானும் கொஞ்சம் போகிறேன். சமர்கந்துக்கு ஐரோப்பியத் தூதுவர் வருவது முதல் தடவை இல்லை. காஸ்டில் மன்னர் மூன்றாம் ஹென்றி அனுப்பிய ருய் கொன்ஸாலெஸ் தெ கிளாவிஹோ 1403 மே மாதம் ஸ்பெயின் கரையில் கப்பல் ஏறினார். கான்ஸ்டான்டிநோபிள், கருங்கடல், பாரசீகம் எல்லாம் தாண்டித் தைமூரின் சமர்கந்தை அடைந்தது 1404 செப்டம்பரில். விருந்து பலமாக நடந்தது. பிறகு தைமூருக்கு உடம்பு முடியவில்லை. பதில் கடிதம் இல்லாமலே திருப்பி அனுப்பினார்கள். வீடு சேர்ந்தது 1406இல். மூன்று வருடம் அலைந்து கையில் பதிலே இல்லாமல் திரும்பிய அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனது கனக்கிறது. எந்த ஊரில் எத்தனை நாள் நின்றோம் என்று அவரும் குறித்து வைத்திருந்தார். சரக்குக்காரனுக்கு அது பிடிக்கும்.

2 மே

ராஜதந்திரம் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று தம்பி குறைபட்டான். சரி.

மாநாட்டுக் கூட்டறிக்கையில் சைப்ரஸ் பற்றிய ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானங்கள் 541, 550 இரண்டையும் மத்திய ஆசிய நாடுகள் ஏற்று எழுதியிருக்கின்றன. துருக்கி ஆதரிக்கும் வட சைப்ரஸைத் தனி நாடாக ஒப்புக்கொள்ளக் கூடாது என்பவை அவை. அந்த ஐந்து நாடுகளில் தாஜிகிஸ்தான் தவிர மற்ற நான்கும் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை, அவையே இப்படி எழுதியது துருக்கி அரசுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். நடுப்பாதையின் ஒரு கால் துருக்கி வழியாகத்தான் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாதைக்குப் பணம் கொடுப்பவர் வாங்கிக்கொள்ளும் விலை எப்போதும் வட்டியாக இருக்காது.

இன்னொன்று, எனக்கு மாநாட்டைவிடப் பெரிதாகப் பட்டது. மார்ச் 13 அன்று கிர்கிஸ்தானும் தாஜிகிஸ்தானும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 2021இலும் 2022இலும் அந்த எல்லையில் சண்டை நடந்து மக்கள் செத்தார்கள். மார்ச் 31 அன்று உஸ்பெகிஸ்தானும் சேர்ந்து குஜந்தில் மூன்று எல்லையும் சந்திக்கும் புள்ளியை முடிவு செய்தார்கள். பிரஸ்ஸல்ஸும் பெய்ஜிங்கும் போடாத பாதை அது, பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்களே வேலியை நகர்த்திக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

3 மே

640 கோடியைத் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஏன் வைத்தார்கள் என்ற கேள்விக்குச் சுருக்கமாக: சிர் தரியா ஆறு மேலே கிர்கிஸ்தானில் அணையில் தேங்குகிறது. அவர்களுக்குக் குளிர்காலத்தில் மின்சாரம் வேண்டும், அணையைத் திறப்பார்கள். கீழே உஸ்பெகிஸ்தானுக்கும் கஜகஸ்தானுக்கும் கோடையில் பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், அப்போது மேலே கிர்கிஸ்தானில் அணையில் தேக்குவார்கள். மேட்டூர் திறக்கும் தேதிக்காகக் காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். குளிர்கால மின்சாரத்துக்கு வேறு வழி செய்தால்தான் கோடைத் தண்ணீர் கீழே வரும்.

காஸ்பியனும் வற்றுகிறது. அதற்கு வரும் ஆற்று நீரில் ஐந்தில் நான்கு பங்கு வோல்கா தருவது. மட்டம் இறங்க இறங்க அக்தாவில் கப்பல்கள் முழுப் பாரம் ஏற்ற முடியவில்லை, தூர்வாரிக்கொண்டே இருக்கிறார்கள். பாதைக்கு நடுவில் இருக்கும் கடலே சுருங்குகிறது என்பதை எந்த மேடையிலும் போதுமான சத்தத்தில் யாரும் சொல்லக் காணோம்.

18 மே

தம்பியின் உஸ்பெக் வகுப்புத் தோழி ஒருத்தி ஜெர்மனியில் மேற்படிப்புக்கு விசா கேட்டு நான்கு மாதமாகக் காத்திருக்கிறாளாம். இதை மாநாட்டுக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கிறான். கட்டாயம் சேர்க்க வேண்டும். ஐரோப்பியர் விசா இல்லாமல் உஸ்பெகிஸ்தானுக்கு வரலாம், கஜகஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் வரலாம். அந்த ஐந்து நாட்டில் ஒரு நாட்டுக்காரரும் விசா இல்லாமல் ஐரோப்பாவின் ஷெங்கன் எல்லைக்குள் நுழைய முடியாது. பெட்டி போகும் பாதையில் ஆள் போக முடியவில்லை என்றால் அந்தப் பாதையை அந்த ஊர்க்காரர்கள் எத்தனை நாள் தங்கள் பாதை என்பார்கள்?

19 மே

‘நம் நாட்டுப் பாதை என்ன ஆயிற்று’ என்கிறவர்களுக்கு: 2023 செப்டம்பர் 9, டெல்லி ஜி-20இல் இந்தியா–மத்திய கிழக்கு–ஐரோப்பா வழித்தடத்துக்குக் கையெழுத்தானது. சரியாக 28ஆம் நாள், அக்டோபர் 7, இஸ்ரேல் மீது ஹமாஸ் தாக்குதல், பிறகு காசா போர். அந்த வழித்தடத்தின் வடக்குக் கால் இஸ்ரேலின் ஹைஃபா வழியாகப் போக வேண்டியது. போர் முடியாமல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனம் இல்லை.

11 ஆகஸ்ட்

மூன்று நாள் முன்னால் வாஷிங்டனில் அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் சமாதானத்துக்குக் கிட்டே வந்தன. ஆர்மீனியாவின் தெற்கு முனை வழியாக சுமார் 43 கிலோமீட்டர் பாதை, அதற்கு டிரம்ப் பெயர். ஜார்ஜியாவை விட்டால் இதுவரை வழியில்லாமல் இருந்த காகசஸில் இரண்டாவது வழி. ஏப்ரலில் நான் ஐரோப்பாவா சீனாவா என்று எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் இப்படி வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை. அந்த 43 கிலோமீட்டர் வந்தாலும் கிழக்கே கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

24 ஆகஸ்ட்

அந்தக் கஜக் டிரைவரின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு அன்றைக்கு முதல் நாள்தான் போய்ச் சேர்ந்தாராம். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இவர் இன்னும் வண்டி ஓட்டுகிறார். நேற்று அவரை அழைத்து, அலாட்டில் கடைசியாக எத்தனை நாள் நின்றீர்கள் என்று கேட்டேன். நான்கு நாள் என்றார். 2018இல் ஒன்பது. ஒரு தடவைக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அன்று காற்று குறைவாக இருந்திருக்கலாம். இனி ஒவ்வொரு தடவையும் நாளைக் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன், தம்பி.